அவரவர் டீக்கு அவரவர் காசு

கூட்டம் முடிந்து வெளியே வந்தால் எதிர்வாடையிலேயே டீக்கடை. ஏழெட்டுப் பேர் சேர்ந்து நிற்பார்கள். ஏழெட்டுப் பேரும் தனித்தனியாகக் காசு கொடுப்பார்கள். "இரு, நான் தர்றேன்" என்று ஒருவர் கையை இன்னொருவர் பிடித்து இழுக்கும் சென்னை வழக்கம் அங்கே செல்லாது. டீ மாஸ்டர் வெகுநாள் வரை அவர்களை ஏதோ கஞ்சப் பிசினாறிகள் சங்கம் என்றே நினைத்திருந்தார்.

சூதாட்டப் பழக்கத்திலிருந்து மீள்கிறவர்கள் வாரம் ஒரு மாலை கூடும் குழு அது. வடசென்னையில் ஒரு தேவாலய வளாகத்தின் பின்கட்டு அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், முனகிக்கொண்டே சுற்றும் மின்விசிறி. டாக்டர் இல்லை, ஆலோசகர் இல்லை, கட்டணம் இல்லை. பேசுகிறவர்களும் ஆடியவர்கள், கேட்கிறவர்களும் ஆடியவர்கள். குடிநோயாளிகளுக்கான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் சென்னையில் பல பத்தாண்டுகளாக நடந்துவருகின்றன. அங்கே போய்க் குடியை விட்டுவிட்டு, குதிரையை மட்டும் விட முடியாமல் தவித்த ஓரிருவர் தனியே தொடங்கியது இது. விதிகள் குறைவு. அவற்றில் கண்டிப்பானது, உறுப்பினர்களுக்குள் பணம் கைமாறக் கூடாது என்பது. கடன், கைமாற்று, அவசரத்துக்கு நூறு ரூபாய், எதுவும் கிடையாது. ஒரு டீகூட.

அங்கே ஆளுக்குப் பெயர் ஊர்தான். ராயபுரம், பெரம்பூர், சைதாப்பேட்டை, அம்பத்தூர். இது அம்பத்தூரின் கதை. தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் சிறு நிறுவனத்தில் கணக்கர். மாதக் கடைசியில் ஒரு ரூபாய் இடித்தாலும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து தேடுகிறவர். 2022-ன் தொடக்கத்தில் முதன்முதலாக அந்த அறைக்குள் நுழைந்தபோது தனக்கு உறைத்தது யாருடைய அறிவுரையும் அல்ல என்கிறார். சுற்றிலும் பார்த்தார், அங்கிருந்த ஒருவருக்கும் அவர் பாக்கி இல்லை. வீட்டில் மனைவி கையைப் பார்த்தால் வளையல் ஞாபகம் வரும். போனில் மச்சான் பெயர் தெரிந்தால் வயிறு கலங்கும். ஆபீஸில் கூட்டுறவுச் சங்கச் செயலாளர் வருகிற பக்கம் தலைவைக்க மாட்டார். தெருமுனைப் பிள்ளையாருக்கே ஒரு வேண்டுதல் பாக்கி. இரண்டு வருடமாக எதிர்ப்பட்ட முகமெல்லாம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் முகமாக இருந்தது. இங்கே அப்படி இல்லை. அதனால் பொய் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. பணம் கைமாறக் கூடாது என்ற விதி எதற்காக என்று அவருக்கு யாரும் விளக்கவில்லை.

சீட்டு அவருக்குப் புதிதல்ல. கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் ராத்திரி கண்விழிக்க ஆடும் ரம்மியைப் பெரியவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக் கற்றவர். பாயில் உட்கார்ந்து ஆடும் ரம்மிக்கு ஒரு நிதானம் உண்டு. சீட்டைக் கலைக்க வேண்டும், பிரிக்க வேண்டும், புள்ளி எழுத வேண்டும், நடுவில் காபி வரும், தோற்றவன் முகம் எதிரில் தெரியும். 2020 ஊரடங்கில் போனுக்குள் வந்த ரம்மியில் இதெல்லாம் கழன்றுபோயிருந்தது. இரண்டு நிமிடத்தில் ஒரு ஆட்டம். எதிராளிக்கு முகம் கிடையாது, பெயருக்குப் பதில் நாலு எழுத்தும் மூன்று எண்ணும். பாயின்ட் ரம்மியில் ஆரம்பத்திலேயே ஸ்கூட் விட்டால், அதாவது ஆட்டத்தை விட்டு விலகினால், 20 புள்ளி, நடுவில் விட்டால் 40, வசமாக மாட்டினால் ஃபுல், 80. புள்ளிக்குப் பத்து ரூபாய் என்ற மேசையில் ஒரு ஃபுல் 800 ரூபாய். அதைத் தோற்க ஒரு பீடி பிடிக்கும் நேரம்கூட ஆகாது.

ஏறக்குறைய எல்லா ஆட்டத்திலும் ஒரே ஒரு சீட்டுதான் வராமல் போனது போலிருக்கும். அந்த 'ஒரே ஒரு சீட்டு'தான் ஆளை இருத்திவைக்கிறது. கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க்கும் குழுவினரும் 2009-ல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வு இதைத்தான் காட்டியது: மயிரிழையில் தவறிய தோல்வி, வெற்றி கிளறும் அதே இடங்களை மூளையில் கிளறுகிறது, இன்னும் ஆட வேண்டும் என்ற ஆசையைக் கூட்டுகிறது. அம்பத்தூருக்கு அப்போது இது தெரியாது. ஜன்னலில் வெளுப்பு தெரிந்த பிறகும் 'இன்னும் ஒண்ணு' என்றிருந்தது மட்டும் தெரியும்.

2020 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டுப் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியைத் தடைசெய்தது. அடுத்த பிப்ரவரியில் அது சட்டமாகவே ஆனது. சில மாதங்கள் வீடு மூச்சுவிட்டது. 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. தீர்ப்பின் மை காய்வதற்குள் அவர் போனுக்குக் குறுஞ்செய்தி வந்துவிட்டது: திரும்பி வருகிறவர்களுக்குச் சிறப்பு போனஸ். அதற்குப் பிறகு ஆறு மாதத்தில் போனது, அதற்கு முன் போனதைவிட அதிகம்.

குழுவில் அவர் முதலில் செய்தது வாதாடியதுதான். 'நான் சூதாடியவன் இல்லை, ரம்மி ஆடியவன்' என்றார். சும்மா சொல்லவில்லை, ஆதாரத்தோடு சொன்னார். 1967-ல் ஆந்திர அரசு, சத்யநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றமே ரம்மி பெருமளவுக்குத் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று சொல்லியிருக்கிறது. ராயபுரத்துக்காரர் அதைக் கேட்டுத் தலையாட்டினார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர், கிண்டி ரேஸில் இளமையைத் தொலைத்தவர். தமிழக அரசு 1974-ல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்ததும், 1996-ல் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பந்தயமும் திறமைதான் என்று தீர்ப்பளித்ததும் அவருக்கு மனப்பாடம்.

"அப்போ நீயும் திறமைசாலி, நானும் திறமைசாலி. அதான் ரெண்டு பேர் வூட்டு நகையும் சேட்டுக் கடைல கீது" என்றார் ராயபுரம்.

பெரம்பூர் அதுவரை பேசவில்லை. ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், லாட்டரிக்காரர். 1968-ல் அண்ணா ஆட்சியில் தொடங்கி 2003 ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சி தடைசெய்யும் வரை லாட்டரிச் சீட்டு இங்கே சட்டப்படி விற்ற சரக்கு. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்பது அந்தக் கால முழக்கம். தடைக்குப் பிறகு அவர் திருட்டுத்தனமாக விற்ற மூணு நம்பர் லாட்டரிக்குப் போனார். "என்னுதுல திறமையும் இல்ல ஒண்ணும் இல்ல. நாட்டுக்குக் குடுத்தேன்னு வச்சுக்கங்க" என்றார். அறை சிரித்தது. அம்பத்தூரும் சிரித்தார்; இரண்டு வருடத்துக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான் என்கிறார்.

இதே பேச்சை ஒரு மனநல மருத்துவர் சொல்லியிருந்தால் அவர் இன்னும் நாலு தீர்ப்பைக் காட்டியிருப்பார். மனைவி சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார். தான் சொல்லும் பொய், அதை முன்பே சொல்லித் தீர்த்த ஆளிடம் எடுபடாது, அவ்வளவுதான். மருத்துவம் தேவையில்லை என்பதல்ல இதன் அர்த்தம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் கட்டுமீறிய சூதாட்டத்தை 1980-ல் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2013-ல் மது, போதைப் பழக்கங்கள் இருக்கும் பிரிவுக்கே அதை மாற்றியது. பெரம்பூருக்கு இதில் ஒரு பெருமை உண்டு. திருக்குறளில் கள்ளுண்ணாமை 93-ஆம் அதிகாரம், சூது 94, மருந்து 95. "வள்ளுவர் எப்பவோ வரிசையா வச்சுட்டாருய்யா" என்பார்.

சூதாடிகள் ஒருவரையொருவர் கைதூக்கி விடலாம் என்ற எண்ணத்துக்கு ஓர் அமெரிக்கப் பிறப்பிடம் உண்டு. 1957 ஜனவரியில் அங்கே இரண்டு பேர் தற்செயலாகச் சந்தித்தார்கள். இருவருக்கும் சூதாட்டத்தால் தீராத துன்பம். அடிக்கடி சந்தித்துப் பேசியதில், பல மாதங்கள் இருவருமே ஆடாமல் இருப்பதைக் கவனித்தார்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் வழிமுறைகளை எடுத்துத் தங்களுக்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். கேம்ப்ளர்ஸ் அனானிமஸின் முதல் குழுக் கூட்டம் லாஸ் ஏஞ்சலஸில் 1957 செப்டம்பர் 13, வெள்ளிக்கிழமை நடந்தது. வெள்ளைக்காரர்கள் நடுங்கும் 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை. ராசி பார்த்தே கெட்ட கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான நாள் கிடைத்திருக்காது. அதே வருடம் ஏப்ரலில் இந்தியாவில் உச்ச நீதிமன்றம், சமர்பாக்வாலா வழக்கில், பரிசுப் போட்டிகளில் எது திறமை எது சூது என்று கோடு கிழித்துக்கொண்டிருந்தது. அந்தக் கோட்டின் மேல்தான் இன்றுவரை வழக்குகள் நடக்கின்றன.

கேம்ப்ளர்ஸ் அனானிமஸின் 20 கேள்விகளை யாரோ ஒருவர் தமிழில் கையால் எழுதி நகலெடுத்து வைத்திருந்தார். தோற்றதும் விட்டதைப் பிடிக்க உடனே திரும்பப் போனதுண்டா, கடனை அடைக்கலாம் என்று ஆடியதுண்டா, தூக்கம் கெட்டதா என்று போகும். ஏழு கேள்விக்காவது ஆமாம் என்றால் ஆள் மாட்டியிருக்கிறான் என்று பொருள். அம்பத்தூர் கணக்கர் அல்லவா, ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வந்தார். கடைசிக் கேள்வி, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. 'இல்லை' என்று எழுதினார். ராயபுரம் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு பதினொரு மணிக்குப் போன் செய்து, "அந்தக் கடைசிக் கேள்விக்கு நானும் இல்லன்னுதான் எழ்தினேன்" என்றார்.

ஒரு மணி நேரம் பேசினார்கள். மறுநாள் காலையில் ராயபுரமே அவரை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போனார். இந்த இடத்தில் குழுவினர் வீரம் காட்டுவதில்லை. உயிர்ப் பயம் தெரிந்தால் மருத்துவரிடம் விடுவது அங்கே வழக்கம். சென்னையில் 1986-ல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் தொலைபேசி எண்ணும், 2022 அக்டோபரில் வந்த அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-உம் அந்த அறையின் சுவரில் ஒட்டியிருக்கின்றன. ஆன்லைன் ரம்மி பற்றி ஆராய 2022 ஜூனில் நீதிபதி கே. சந்துரு தலைமையில் தமிழக அரசு அமைத்த குழுவிலும் லட்சுமி விஜயகுமார் இருந்தார்.

கூட்டம் நடக்கும் அறைக்கு வெளியே தாழ்வாரம். அங்கே மனைவிமார் உட்கார்ந்திருப்பார்கள். அது தனிக் குழு என்று யாரும் அறிவிக்கவில்லை, ஆனால் அதுவும் குழுதான். அம்பத்தூரின் மனைவி அதற்கு முன் கேட்டதெல்லாம் பொறுமை பற்றிய உபதேசம். படித்த உறவினர் ஒருவர் தஸ்தயேவ்ஸ்கியின் கதையையே சொல்லியிருந்தார். பதிப்பாளரிடம் சிக்கிக்கொண்ட அவர் 1866-ல் 26 நாளில் 'சூதாடி' நாவலைச் சொல்லச்சொல்ல எழுதியவர் அன்னா. பிறகு மனைவியானார். அடகு வைக்க நகை கொடுத்தார், ரூலெட் ஆடக் காசு கொடுத்தனுப்பினார், கடிந்துகொள்ளவில்லை. 1871-ல் வீஸ்பாடனில் தோற்றபின் தஸ்தயேவ்ஸ்கி இனி ஆடமாட்டேன் என்று எழுதினார். 1881-ல் சாகும்வரை ஆடவில்லை. மேதைகளின் வாழ்க்கையில் நடந்தது எல்லாம் வைத்தியமாகிவிடாது. அன்னாவின் கதையைக் கேட்டு வளையலைக் கழற்றிக் கொடுத்த பெண்களின் கணக்கை யாரும் எடுக்கவில்லை.

ராயபுரத்தின் மனைவி சொன்னது வேறு. "சம்பளம் உன் கணக்குக்கு வரட்டும். ஏடிஎம் கார்டு உன்கிட்ட இருக்கட்டும். தெனம் பஸ் காசு, டீக்காசு எண்ணிக் குடு. எந்தப் பேப்பர்லயும் படிச்சுப் பார்க்காம கையெழுத்துப் போடாதம்மா. அழுதா நீயும் அழு, ஆனா கார்ட மட்டும் குடுக்காத." அம்பத்தூரின் மனைவிக்கு அதுவரை யாரும் இவ்வளவு உபயோகமாகப் பேசியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்தது கடன் கணக்கு. கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் மரபில் இதற்கென்று ஒரு தனி அமர்வு உண்டு. ஓரளவு தேறிய பழைய உறுப்பினர்கள் இரண்டு மூன்று பேர், புதியவரோடும் அவர் துணையோடும் உட்கார்ந்து மொத்தக் கடனையும் தாளில் கொண்டுவருவார்கள். முதலில் வீட்டுச் செலவு, மிச்சத்தில்தான் தவணை. பழைய கடனை அடைக்கப் புதிய கடன் கூடாது. யார் கடனையும் தள்ளுபடி கேட்டுத் தப்பிக்கக் கூடாது, எத்தனை வருடமானாலும் கட்ட வேண்டும்.

அம்பத்தூர் எக்செல் தாளோடு போனார். வட்டி விகிதம், தொடங்கிய தேதி, மீதி அசல் எல்லாம் கட்டம் கட்டமாக. கிரெடிட் கார்டு, நகைக்கடன், கூட்டுறவுச் சங்கம், தள்ளி எடுத்த ஏலச்சீட்டு, தனிநபர் கடன், இரண்டு கடன் செயலிகள். கீழே மொத்தம் 8,20,000. பெரம்பூர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்கப் படித்தார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. இன்னும்?"

அவ்வளவுதான் என்றார் அம்பத்தூர்.

"இன்னும்?" என்றார் ராயபுரம்.

யோசித்துப் பார்த்து இன்னொரு கடன் செயலி, 15,000 என்றார். தொடர்பு எண்களை எல்லாம் உருவி, ஆபீஸில் உள்ளவர்களுக்கு அசிங்கமாகச் செய்தி அனுப்புவோம் என்று மிரட்டிய செயலி அது. இன்னும் என்றார்கள். சக ஊழியரிடம் கைமாற்று 22,000. பெரம்பூர் அதையும் எழுதிக்கொண்டு, பேனாவை மூடாமலே மறுபடி இன்னும் என்றார். அம்பத்தூருக்குக் கோபம் வந்தது. என்னைத் திருடனைப் போல விசாரிக்கிறீர்கள் என்றார். "ஆமா" என்றார் பெரம்பூர், "எங்கம்மா கண் ஆபரேஷனுக்கு வச்சிருந்த பணம் என் லிஸ்டுல கடைசியாத்தான் வந்துச்சு."

மச்சானிடம் ஒன்றரை லட்சம். மகள் காலேஜ் ஃபீஸ் என்று சொல்லி வாங்கியது. அக்காவுக்குத் தெரிய வேண்டாம், சங்கடப்படுவாள் என்று சத்தியமும் வாங்கியிருந்தார்.

மனைவி அவரைப் பார்க்கவில்லை, பெரம்பூரைப் பார்த்துத்தான் சொன்னார். "என் தம்பி ஒரு வருஷமா எங்க வீட்டுக்கு வர்றதில்லைங்க. அவன் பொண்டாட்டி பேச்சைக் கேட்டுக்கிட்டு ஆடுறான்னு நான் ஊரெல்லாம் பேசிட்டேன். அவ வளைகாப்புக்குக்கூடப் போகல."

அன்றைக்கு மொத்தம் பத்து லட்சத்தைத் தாண்டியது. 2029 ஏப்ரல் வரை தவணை. வரிசையில் மச்சானை முதலில் வைக்கச் சொன்னவர் ராயபுரம். வட்டி அதிகமுள்ள கார்டைத்தான் முதலில் முடிக்க வேண்டும் என்று அம்பத்தூர் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு சரிதான். ஆனாலும் மச்சானே முதல் என்று மனைவி முடிவுசெய்தார். மறுநாள் அவர் தம்பி வீட்டுக்குப் போய், தம்பி மனைவியிடம் என்ன பேசினார் என்பது அம்பத்தூருக்கு இன்றுவரை சொல்லப்படவில்லை.

வாரக் கூட்டங்களில் ஆளுக்குப் பத்து நிமிடம். குறுக்கே பேசக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. எல்லாக் கூட்டமும் உயர்வாக இருந்ததென்று சொல்வதற்கில்லை. சிலர் ஆடிய கதையைச் சொல்லும்போது குரலில் ருசி ஏறும், கேட்பவர் உள்ளங்கை வியர்க்கும். பாவமன்னிப்பு கேட்க வந்தவர் பழைய ஜாக்பாட்டை ஒலிபரப்பிவிட்டுப் போவார். சைதாப்பேட்டை அப்படி இரண்டு முறை செய்தார். உணவு டெலிவரி செய்யும் பையன், கிரிக்கெட் பந்தயத்தில் பைக்கை விட்டவன். "தம்பி, ஸ்கோர் வேணாம், செலவச் சொல்லு" என்று ராயபுரம் நிறுத்தினார். ராத்திரி கை அரிக்கும்போது யாரையாவது போனில் கூப்பிட்டுவிடுவதற்கு அவர்களிடையே 'ஸ்கூட் விடுவது' என்று பெயர். விவரம் எதுவும் வேண்டாம். "அண்ணே, ஸ்கூட்" என்றால் போதும், மறுமுனையில் இருப்பவர் மெட்ரோ வேலையைப் பற்றியோ மழையைப் பற்றியோ அரை மணி நேரம் பேசுவார்.

பாரதக் கதை அங்கே அடிக்கடி வரும். வனவாசத்தில் தருமன் பிருகதசுவர் என்ற முனிவரிடம், என்னைப் போல் துர்ப்பாக்கியவான் இந்தப் பூமியில் உண்டா என்று கேட்கிறான். அவர் உபதேசம் செய்யவில்லை, நளன் கதையைச் சொல்கிறார். தோற்ற அரசனுக்குத் தோற்ற இன்னொரு அரசனின் கதை. பின்கட்டு அறையில் நடப்பதும் இதுதான் என்பது பெரம்பூரின் கட்சி. ராயபுரம் ஒப்புக்கொள்ள மாட்டார். கதை முடிந்ததும் முனிவர் தருமனுக்குப் பகடையின் சூட்சுமத்தையும் கற்றுத்தருகிறாரே, அதை எங்கே வைப்பது? நளனும் ருதுபர்ணனிடம் வித்தை கற்று, திரும்பப் போய் புஷ்கரனிடம் ஆடித்தான் நாட்டை மீட்கிறான். "இந்தக் கதைதான் நம்மளக் கெடுத்துச்சு. நல்லாக் கத்துக்கினு போனா புட்சிடலாம்னு." இந்த விஷயத்தில் ராயபுரத்தின் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. ஒருமுறை எல்லாம் தோற்று, எல்லாம் திரும்பக் கிடைத்த பிறகும், இரண்டாம் முறை அழைத்ததும் எழுந்து போன தருமன்தான் அந்த அறைக்கு நெருக்கமானவன்.

அம்பத்தூருக்கும் இரண்டாம் அழைப்பு வந்தது. 2022-ல் தமிழக அரசு மறுபடி ஒரு சட்டம் கொண்டுவந்து, ஆளுநர் திருப்பி அனுப்பி, பேரவை மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்திருந்தது. நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் சட்டத்தைப் பொதுவாக ஏற்றுக்கொண்டு, ரம்மிக்கும் போக்கருக்குமான தடையை மட்டும் நீக்கியது. அது வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை தீபாவளி. சம்பளம் மனைவி கணக்குக்குப் போய்விடும், ஆனால் போனஸை முதலாளி கவரில் ரொக்கமாகத்தான் கொடுப்பார். இந்த ஓட்டையை எக்செல்லில் யாரும் அடைத்திருக்கவில்லை. கவரைத் தெரிந்த கடைக்காரரிடம் கொடுத்து, அந்தத் தொகையைத் தன் போனுக்கு மாற்றிக்கொண்டார். சனிக்கிழமை இரவுக்குள் சில நூறு ரூபாய் தவிர எல்லாம் போயிற்று.

மூன்று வாரம் கூட்டத்துக்கு வரவில்லை. தொழிற்பேட்டை வாசலில் ஒருநாள் சைதாப்பேட்டை வந்து நின்றான், முதுகில் டெலிவரிப் பையோடு. ஏன் வரவில்லை, ஏன் ஆடினீர்கள் என்று கேட்கவில்லை. "எவ்ளோண்ணா? எங்கேருந்து? வீட்ல தெரியுமா?" மூன்றே கேள்வி. கடைசிக்கு இல்லை என்றதும், "இன்னிக்கு ராத்திரி சொல்லிருங்க, நான் கீழ நிக்கிறேன்" என்றான். சொன்ன மாதிரியே தெருவில் நின்றான், நடுவில் இரண்டு ஆர்டரை ரத்து செய்தபடி. மனைவி அன்று என்ன சொன்னார் என்பதை அம்பத்தூர் கூட்டத்தில்கூடச் சொன்னதில்லை. அடுத்த தீபாவளிக்கு மனைவியே ஆபீஸ் வாசலில் வந்து கவரை வாங்கிக்கொண்டார்.

இப்படிச் சறுக்குவது விதிவிலக்கு அல்ல. ஸ்காட்லாந்தில் கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்கு வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து ஸ்டூவர்ட், பிரவுன் இருவரும் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், முதல் கூட்டத்திலிருந்து ஒரு வருடம் முழுக்க ஆடாமல் இருந்தவர்கள் 8 சதவீதம்தான். இரண்டு வருடத்தில் 7 சதவீதம். சகபயணிகளின் துணையைப் பற்றிப் பொங்கிப் பொங்கி எழுதுகிறவர்கள் இந்த எண்ணைத் தாண்டிப் போய்விடுவார்கள். பெரம்பூரிடம் யாரோ இதைச் சொன்னபோது அவர் அசரவில்லை. லாட்டரியில் எத்தனை சதவீதம் என்று கேட்டார்.

அந்த ஆய்வு எண்ணியது ஒருமுறைகூட ஆடாதவர்களை மட்டும். ஆடிவிட்டுத் திரும்பி வந்தவர்கள், தோற்ற தொகை குறைந்தவர்கள், இரவு பதினொரு மணிப் போனால் உயிரோடு இருப்பவர்கள் அந்தக் கட்டத்துக்குள் வரமாட்டார்கள். அம்பத்தூரும் வரமாட்டார்.

2025 ஆகஸ்டில் ஆட்டமே நின்றது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை, திறமையோ அதிர்ஷ்டமோ, மொத்தமாகத் தடைசெய்யும் மசோதா 20-ஆம் தேதி மக்களவையிலும் 21-ஆம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறி, 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றது. பெரிய செயலிகள் பண ஆட்டங்களை நிறுத்தின. அந்த வாரக் கூட்டத்துக்கு வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்தார்கள். புதிதாக வந்த இருவர், வெளிநாட்டுத் தளம் ஒன்றின் லிங்க் டெலிகிராமில் வந்திருக்கிறது, அதைத் தொடலாமா என்ற தவிப்போடு வந்திருந்தார்கள். அவர்களுக்கு 20 கேள்விகளின் நகலைப் பெரம்பூர் கொடுத்தார்.

அம்பத்தூருக்கு வேறு பிரச்சினை. 2023 தீபாவளியின் மிச்சம் 640 ரூபாய் இன்னும் அந்தச் செயலியில் கிடந்தது. இருப்பை எடுத்துக்கொள்ளலாம் என்று செயலிக்காரர்கள் அறிவித்திருந்தார்கள். எடுக்க வேண்டுமானால் மறுபடி உள்ளே போக வேண்டும். 640 ரூபாய்க்காக அந்தப் படியை மிதிக்க வேண்டாம், தொலையட்டும் என்றார் ராயபுரம். அது மச்சான் காசு, விட முடியாது என்றார் பெரம்பூர். விவாதம் டீ நேரத்தையும் விழுங்கியது. கடைசியில் மனைவியின் போனில் செயலியை இறக்குவது, வருகிற ஓடிபியை அம்பத்தூர் வாயால் சொல்வது, திரையைப் பார்க்காமல் இருப்பது என்று முடிவாயிற்று. தாழ்வாரத்தில் வைத்தே செய்தார்கள். செயலி திறந்ததும் சீட்டு கலையும் சத்தம் வந்தது. சைதாப்பேட்டை கிரிக்கெட் ஆள்தான், ஆனாலும் எழுந்து கேட்டுக்கு வெளியே போய்விட்டான். ராயபுரத்தின் மனைவி போனை வாங்கி, சத்தத்தைக் குறைக்கும் பட்டன் எதுவென்று தெரியாமல், முந்தானையால் ஸ்பீக்கரை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

பணம் வங்கிக் கணக்குக்கு வரச் சில நாள் பிடித்தது. அந்த மாதம் மச்சானுக்கு வழக்கமான 4,000-க்குப் பதில் 4,640 போயிற்று. ஏன் 640 என்று மச்சான் போன் செய்து கேட்டார். அக்கா விளக்க ஆரம்பித்து, அது முடிய முக்கால் மணி நேரம் ஆனது.